குளிர்காலத்துல கடலோரப் பழைய ஓட்டல்ல ரெண்டு ராத்திரி: பிரைட்டனா, ஈஸ்ட்போர்னா, மோர்கமா, ஸ்கார்பரோவா?

நவம்பர் பொறந்தாலே இங்க இங்கிலாந்துல இருக்குற நம்ம ஆளுங்க கிட்டேர்ந்து இந்தக் கேள்வி வர ஆரம்பிச்சிடும். கடலைப் பாத்த மாதிரி ஒரு பழைய பெரிய ஓட்டல்ல ரெண்டு ராத்திரி தங்கணும், கோடைல தொட முடியாத ரேட்டு இப்ப குறைஞ்சிருக்கு, ஆனா நாலஞ்சு ஓட்டல் பேரக் கைல வச்சிக்கிட்டு எதை எடுக்குறதுன்னு தெரியலன்னு கேக்குறாங்க. வெப்சைட்ல பாத்தா எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கும். வெள்ளையா ஒரு கட்டிடம், தொங்குற சரவிளக்கு, ரெண்டு கேக்கு, பின்னாடி நீலக் கடல். அந்த நீலக் கடல் போட்டோ ஜூன்ல எடுத்தது, நீங்க போறது ஜனவரில, அதனால போட்டோவ வச்சு முடிவு பண்ணவே முடியாது.

நான் நாலு ஊரை எடுத்துக்கிறேன். பிரைட்டன் கிராண்ட், ஈஸ்ட்போர்ன் கிராண்ட், மோர்கம் மிட்லண்ட், ஸ்கார்பரோ கிராண்ட். நாலும் கதை உள்ள கட்டிடம், நாலுக்கும் ரயில்ல போகலாம், ஆனா குளிர்காலத்துல நாலும் நாலு விதமா நடந்துக்கும்.

## மொதல்ல எதை வச்சுப் பாக்கணும்

டிசம்பர் கடைசில சூரியன் காலைல 8 மணி வாக்குல எழும்பி சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் போயிடும், வடக்க இன்னும் கொஞ்சம் சீக்கிரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கூட முழுசா வெளிச்சம் கிடையாது, அதுலயும் பாதி நேரம் மழையோ காத்தோ இருக்கும். அப்ப மீதி பதினாறு மணி நேரம் எங்க இருக்கப் போறீங்க? ஓட்டலுக்குள்ளதான். கோடைல ஓட்டல்ங்கறது தூங்குற இடம், ஊருதான் முக்கியம். குளிர்காலத்துல அது அப்படியே தலைகீழா மாறிடுது. நீங்க காசு குடுக்குறது ஒரு ஜன்னலுக்கும், உக்காந்து பேச ஒரு நல்ல ஹாலுக்கும்தான். இதை மனசுல வச்சிக்கிட்டா பாதி குழப்பம் தீந்துடும்.

அதனால நான் பாக்குற விஷயம் இதுதான். ஒண்ணு, ரூம் ஜன்னல் எந்தத் திசையப் பாக்குது, சூரியன் அந்தப் பக்கம் வருமா. ரெண்டு, ராத்திரி ஏழு மணிக்கு டின்னர் முடிஞ்சப்புறம் அந்தக் கட்டிடத்துக்குள்ள உக்கார இடம் இருக்கா, இல்ல ரூமுக்குள்ள போய் டிவி பாக்கணுமா. மூணு, மழை கொட்டுனா பத்து நிமிஷ நடைல கூரை உள்ள இடம் எதாவது இருக்கா. நாலு, போய்ச் சேர்ற கஷ்டம். அஞ்சு, எல்லாத்தையும் கூட்டி வர்ற மொத்தக் காசு. இதோட நமக்குன்னு ஒண்ணு இருக்கு, சைவம் சாப்பிடுறவங்க ரெண்டு ராத்திரியும் மஷ்ரூம் ரிசாட்டோவே சாப்பிடணுமா இல்ல வேற வழி இருக்காங்கறது.

திசை விஷயத்த யாருமே யோசிக்கிறதில்ல, ஆனா குளிர்காலத்துல அதுதான் ரொம்பப் பெரிய விஷயம். இந்த மாசங்கள்ல சூரியன் தென்கிழக்குல எழும்பி வானத்துல தாழ்வாவே நகந்து தென்மேற்குல இறங்கிடும். கோடைல வடகிழக்குலேர்ந்து வடமேற்கு வரைக்கும் பெரிய வட்டம் போடும். ஆக, ஒரே ஜன்னல் ஜூலைல ஒரு மாதிரி, ஜனவரில வேற மாதிரி. "சீ வியூ"ன்னு போட்டிருக்குறத மட்டும் நம்பாம மேப்பத் திறந்து அந்தக் கட்டிடம் எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு ஒரு நிமிஷம் பாருங்க.

| | பிரைட்டன் கிராண்ட் | ஈஸ்ட்போர்ன் கிராண்ட் | மோர்கம் மிட்லண்ட் | ஸ்கார்பரோ கிராண்ட் |
|---|---|---|---|---|
| திறந்த வருஷம் | 1864 | 1875 | 1933 | 1867 |
| கடல் எந்தப் பக்கம் | தெற்கு | தென்கிழக்கு | மேற்கு, வடமேற்கு | கிழக்கு |
| குளிர்கால சூரியன் | எழும்புறதும் இறங்குறதும் கடல் மேல | எழும்புறது கடல் மேல | இறங்குறது வளைகுடா பக்கம் | எழும்புறது கடல் மேல |
| லண்டன்லேர்ந்து ரயில் | சுமார் 1 மணி நேரம், நேர் ரயில் | சுமார் ஒன்றரை மணி நேரம் | லங்காஸ்டர் வரை சுமார் இரண்டரை மணி, மாறி இன்னும் 10 நிமிஷம் | யார்க் வரை சுமார் 2 மணி, மாறி இன்னும் 50 நிமிஷம் |
| ஸ்டேஷன்லேர்ந்து நடை | 15 நிமிஷம், இறக்கம் | 20-25 நிமிஷம் | 5 நிமிஷம் | 10 நிமிஷம் |
| உள்ள உக்காந்திருக்க | நல்லது | ரொம்ப நல்லது | ரொம்ப நல்லது, ஆனா சின்னது | சுமார் |
| மழைல வெளிய | ரொம்ப நல்லது | நல்லது | குறைவு | நல்லது |
| சைவ சாப்பாடு | கவலையே இல்ல | சமாளிக்கலாம் | முன்னாடியே சொல்லி வைக்கணும் | சமாளிக்கலாம் |

## பிரைட்டன்: கிராண்ட்

ஜான் விச்கார்ட்ங்கற ஆர்க்கிடெக்ட் கட்டினது, 1864ல திறந்தாங்க. லிஃப்ட் அதிசயமா இருந்த காலத்துலயே லிஃப்ட் போட்ட ஓட்டல். உள்ள நுழைஞ்சதும் மேல மேல சுத்திப் போற அந்தப் படிக்கட்டுதான் கட்டிடத்தோட உயிர். நிறைய பேருக்கு இந்த ஓட்டல் பேரு வேற ஒரு காரணத்துக்காகத் தெரிஞ்சிருக்கும். 1984 அக்டோபர் 12 விடிகாலைல, கன்சர்வேட்டிவ் கட்சி மாநாட்டுக்கு வந்திருந்த பிரதமர் மார்கரெட் தாட்சரக் குறி வச்சு ஐ.ஆர்.ஏ.ங்கற அயர்லாந்து ஆயுதக் குழு வச்ச குண்டு இங்க வெடிச்சது. அவங்க தப்பிச்சாங்க, அஞ்சு பேர் செத்தாங்க. முன்பக்கத்துல நடுவுல ஒரு பகுதி அப்படியே சரிஞ்சு விழுந்தது, திருப்பிக் கட்டி 1986ல திறந்தாங்க. இன்னைக்கு வெளிய நின்னு பாத்தா அது நடந்த அடையாளமே தெரியாது.

குளிர்காலத்துக்கு பிரைட்டனோட பெரிய பலம் திசைதான். கடற்கரை கிட்டத்தட்ட கிழக்கு மேற்கா ஓடுது, கடல் நேர் தெற்கு. அதனால டிசம்பர், ஜனவரில சூரியன் எழும்புறதும் கடல் மேல, இறங்குறதும் கடல் மேல. கோடைல இந்த ரெண்டும் ஒண்ணா கிடைக்காது. ஒரு சீ வியூ ரூமுக்கு நீங்க கூடுதலா குடுக்குற காசு வருஷத்துலயே இந்த ரெண்டு மூணு மாசத்துலதான் முழுசா வசூல் ஆகுதுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொண்ணு ஸ்டார்லிங் பறவைங்க. நவம்பர்லேர்ந்து பிப்ரவரி வரைக்கும் சாயங்காலம் இருட்டறதுக்கு முன்னாடி பேலஸ் பியர்ங்கற, கடலுக்குள்ள நீளுற நடைமேடை மேல கூட்டம் கூட்டமா சுத்தும், ஒரே உடம்பு மாதிரி வளைஞ்சு நெளிஞ்சு திரும்பி கடைசில பியருக்குக் கீழ இறங்கிடும். ஓட்டல்லேர்ந்து பத்துப் பதினஞ்சு நிமிஷ நடைதான். டிசம்பர்னா மூணரை மணிக்கே போய் நின்னுடுங்க. போற வழில மேற்குப் பக்கம் திரும்பிப் பாத்தா 2003ல எரிஞ்சு போன வெஸ்ட் பியரோட எலும்புக்கூடு கடல்ல நிக்கிறது தெரியும், சூரியன் அதுக்குப் பின்னாடி இறங்குற நேரமும் அதுதான்.

மழை வந்தாலும் இங்க கவலையில்ல. ராயல் பெவிலியன்ங்கற பழைய அரண்மனை இருக்கு, 1872லேர்ந்து இருக்குற அக்வேரியம் இருக்கு, லேன்ஸ் சந்து கடைங்க இருக்கு. பெவிலியன் போறவங்க ஒரு விஷயத்தத் தெரிஞ்சிக்கிட்டுப் போங்க, முதல் உலகப் போர்ல 1914 கடைசிலேர்ந்து அதுதான் காயம்பட்ட இந்திய சிப்பாய்ங்களுக்கு ஆஸ்பத்திரி. தனித்தனி சமையல்கட்டு, தனித்தனி தண்ணிக் குழாய்னு பாத்துப் பாத்து வச்சிருந்தாங்க. பிரைட்டன் ஆஸ்பத்திரிங்கள்ல இறந்த இந்து, சீக்கிய சிப்பாய்ங்க 53 பேர ஊருக்கு வெளிய டவுன்ஸ் மேட்டுல எரிச்சாங்க, அந்த இடத்துல 1921ல சத்ரின்னு ஒரு வெள்ளைப் பளிங்கு மண்டபம் வச்சிருக்காங்க. குளிர்காலத்துல அந்தப் பாதை சேறா இருக்கும், நல்ல பூட்ஸ் இல்லாம போகாதீங்க, ஆனா போயிட்டு வாங்க.

சாப்பாட்டுல நாலு ஊருலயும் பிரைட்டன் பக்கத்துல யாரும் வர முடியாது. ஃபுட் ஃபார் ஃப்ரெண்ட்ஸ், டெர் ஆ டெர் மாதிரி பல வருஷமா ஓடுற முழு சைவ ரெஸ்டாரன்ட்டுங்க இங்க இருக்கு.

குறைன்னு பாத்தா சனிக்கிழமை ராத்திரி. கல்யாணத்துக்கு முன்னாடி பசங்க பொண்ணுங்க கூட்டமா வந்து குடிச்சிட்டு ஆடுற ஊரு இது, குளிர்காலம்னு பாக்க மாட்டாங்க. முன்பக்க ரூம்ல ரோட்டுச் சத்தமும் வரும். கார்ல வந்தா பார்க்கிங் காசு ரூம் வாடகையோட போட்டி போடும், அதனால இங்க ரயில் மட்டும்தான். அமைதிதான் வேணும்னு கிளம்புறவங்களுக்கு இது சரிப்படாது. ஒரு ராத்திரி மட்டும் கிடைக்குது, சின்னப் பசங்க இருக்காங்க, இல்ல ஓட்டல்லயே அடைஞ்சு கிடக்க முடியாத ஆளுன்னா யோசிக்காம இதுதான்.

## ஈஸ்ட்போர்ன்: கிராண்ட்

அதே சசெக்ஸ் கடற்கரை, ரயில்ல அரை மணி நேரம்தான் அதிகம், ஆனா வேற உலகம். இந்த ஊரே டெவன்ஷயர் பிரபு குடும்பம் திட்டம் போட்டுக் கட்டினது, கடலோர ரோட்டுல இன்னைக்கும் கடைங்களே அதிகம் இல்லாம நீளமா வெள்ளை வீடுங்க வரிசையா இருக்கும். அந்த வரிசையோட மேற்கு முனைல 1875ல திறந்த இந்த வெள்ளை மாளிகை. 1905 கோடைல பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி இங்க தங்கித்தான் கடலைப் பத்தின தன்னோட பெரிய ஆர்கெஸ்ட்ரா இசைய முடிச்சார். அதுக்கப்புறம் 1925லேர்ந்து பி.பி.சி. இந்த ஓட்டல் ஹால்லேர்ந்தே ஞாயித்துக்கிழமை ராத்திரி இசை நிகழ்ச்சிய ரேடியோல நேரடியா ஒலிபரப்பிச்சு. அந்த ஹால் இன்னும் இருக்கு, உயரமான தூண், பெரிய சோஃபா. சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டினப்புறம் ஒரு டீயோட உக்காந்தா எட்டு மணி வரைக்கும் எழுந்திருக்கவே தோணாது. நான் மேல சொன்ன ரெண்டாவது விஷயம், ராத்திரில உக்கார இடம், அதுல இதுதான் முதல். உள்ளயே வெந்நீர் நீச்சல் குளமும் இருக்கு, பசங்களோட வர்றவங்களுக்கு மழை நாள்ல அது பெரிய நிம்மதி.

சூரியன் கடல்லேர்ந்து எழும்பும், காலைல எட்டு மணிக்குத்தான் எழும்பும், அலாரம் வேண்டாம், படுக்கைல இருந்தே பாக்கலாம். ஆனா சாயங்காலம் பீச்சி ஹெட் பக்கத்து மேட்டுக்குப் பின்னாடி சீக்கிரமே மறைஞ்சிடும், கடல் மேல சூரியன் இறங்குறத எதிர்பாத்து வராதீங்க.

பீச்சி ஹெட் 162 மீட்டர் உயரம், பிரிட்டன்லயே உயரமான சுண்ணாம்புக் கடல் பாறை. ஓட்டல்லேர்ந்தே ஏறலாம். காத்து பலமா அடிக்கிற நாள்ல விளிம்புக்கு கிட்டவே போகாதீங்க, அடில அரிச்சு அரிச்சு மேல இருக்குறது திடீர்னு பெயர்ந்து விழும், மழைக்கப்புறம் இன்னும் மோசம். போட்டோவுக்காக நிக்கிற கூட்டத்தப் பாத்தா எனக்கு வயித்தக் கலக்குது.

மழைன்னா டவுனர்ங்கற ஓவியக் கேலரிக்குப் போங்க, பொதுவா உள்ள போக டிக்கெட் இல்ல, திங்கக்கிழமை மூடியிருக்கும். 2023ல டர்னர் பரிசுங்கற பெரிய கலைப் பரிசோட கண்காட்சி அங்கதான் நடந்தது. எரிக் ரவிலியஸ்ங்கற ஓவியர் வளந்த ஊரு இது, அவரோட படங்கள் அங்க நிறைய இருக்கு. இந்தப் பேர நினைவு வச்சிக்கோங்க, மோர்கம்ல திரும்ப வரும்.

கூடுதல் செலவுன்னா ஓட்டலுக்குள்ள சாப்பாடுதான். ஓட்டல் ஊரோட முனைல இருக்கு, ராத்திரி மழைல ஒரு மைல் நடந்து வெளிய சாப்பிடப் போக மாட்டீங்க, ரெண்டு ராத்திரியும் உள்ளயே சாப்பிடுவீங்க, அதனால டின்னர் சேந்த ரேட்டையும் சேராத ரேட்டையும் ரெண்டையும் பாத்துட்டு புக் பண்ணுங்க. அப்பா அம்மாவக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு நான் கண்ண மூடிக்கிட்டு சொல்றது ஈஸ்ட்போர்ன்தான். லிஃப்ட் இருக்கு, கடலோர ரோடு சமதளமா நீளமா இருக்கு, சத்தம் கிடையாது.

## மோர்கம்: மிட்லண்ட்

நாலுலயும் எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், அத மறைக்கல, அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

மத்த மூணும் விக்டோரியா காலத்து மாளிகை. இது 1933ல லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் ரயில்வே கம்பெனி கட்டினது, ஆலிவர் ஹில் வரைஞ்சது. மூணே மாடி, தூய வெள்ளை, கடல் பக்கம் வயிறு தள்ளின மாதிரி மொத்தக் கட்டிடமும் வளைஞ்சு நிக்கும். வளைச்சதுக்குக் காரணம் இருக்கு, அப்பத்தான் கடல் பக்கம் இருக்குற ஒவ்வொரு ரூமுக்கும் ஒவ்வொரு கோணத்துல வளைகுடா கிடைக்கும். வாசலுக்கு மேல ரெண்டு கல் கடல்குதிரை, உள்ள சுத்திப் போற படிக்கட்டு, படிக்கட்டுக்கு மேல கூரைல வண்ண வட்டச் சிற்பம், லவுஞ்ச்ல கல்லுல செதுக்கின ஒடிசியஸ்ங்கற கிரேக்கக் காவிய வீரனோட காட்சி, இதெல்லாம் எரிக் கில்ங்கற சிற்பி பண்ணினது. டீ அறைச் சுவர்ல எரிக் ரவிலியஸ் வரைஞ்ச ஓவியம் மட்டும் சுவர்ல நிக்கல, சீக்கிரமே கெட்டு அழிஞ்சு போச்சு. போர்க்காலத்துல ஆஸ்பத்திரியா இருந்து, பின்னாடி கை மாறிக் கை மாறி, 1998ல மூடி, ஜன்னல் ஒடைஞ்சு தண்ணி ஒழுகி இடிக்கப் போறாங்கன்னு எல்லாரும் நினைச்ச கட்டிடம் இது. அர்பன் ஸ்பிளாஷ்ங்கற கம்பெனி எடுத்துப் பழுது பாத்து 2008ல திறந்தாங்க. ஒரு பழைய கட்டிடத்த அப்படிக் காப்பாத்தினா ஒரு ஊரே தலை நிமிரும்ங்கறதுக்கு இத விட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இப்ப குளிர்காலத்துக்கு வர்றேன். மோர்கம் வளைகுடா சுமார் 310 சதுர கிலோமீட்டர், தண்ணி வத்தினா கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஈர மணல்தான், ஏறினா உங்க ஜன்னலுக்குக் கீழ வந்து நிக்கும். ஏத்த இறக்க வித்தியாசம் பெரிய ஓதத்துல 10 மீட்டர் வரைக்கும் போகும். எதிர்க்கரைல லேக் டிஸ்ட்ரிக்ட் மலைங்க, ஜனவரில வானம் தெளிஞ்சா உச்சில பனியோட நிக்கும், கோடை மூட்டத்துல பாதி நாள் அது தெரியவே தெரியாது. அதோட குளிர்காலத்துலதான் வடக்கேர்ந்து வர்ற கடற்கரைப் பறவைங்க ஆயிரக்கணக்குல இங்க வந்து மேயும், தண்ணி ஏற ஏற அதுங்க கரைப் பக்கமா கூட்டமா ஒதுங்கும்.

அதனால இங்க தேதி ரொம்ப முக்கியம், நம்ம வீட்டு நாள்காட்டிய எடுத்துக்கோங்க. பௌர்ணமி, அமாவாசைக்கு ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு வர்ற பெரிய ஓதத்துல இந்தக் கரைல தண்ணி முழுசா ஏறுறது நடுப்பகல் வாக்குல. அதாவது நல்ல வெளிச்சத்துல, நீங்க ஜன்னலோரம் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போதே மணல் மறைஞ்சு கடல் வந்துடும். நடுவுல வர்ற வாரங்கள்ல போனா காலைலயும் சாயங்காலமும் ஏறி, பகல் முழுக்க சேறு மட்டும் பாத்துட்டு வரலாம். சூரியன் இறங்குறதும் அப்படித்தான், டிசம்பர்ல தெற்குப் பக்கமா சாஞ்சு ஹேஷம் முனை கிட்ட போயிடும், பிப்ரவரி கடைசி வந்தா வளைகுடா மேலயே இறங்கும். என்னைக் கேட்டா மோர்கமுக்கு பிப்ரவரி பின்பாதில ஒரு பௌர்ணமியையோ அமாவாசையையோ ஒட்டின வீக்கெண்ட்தான்.

ஒரு எச்சரிக்கை, இத லேசா எடுத்துக்காதீங்க. அந்த மணல்ல இறங்கி நடக்கவே கூடாது. புதைமணல் இருக்கு, தண்ணி நீங்க ஓடுறத விட வேகமா பின்பக்கமா வந்து சூழும். 2004 பிப்ரவரில இங்க சிப்பி பொறுக்க வந்த சீனத் தொழிலாளிங்க 23 பேர் ராத்திரில ஏறின தண்ணில மாட்டிச் செத்தாங்க. பசங்க கூட இருந்தா கைய விடாதீங்க.

குறைங்க இருக்கு. சின்ன ஓட்டல், நாப்பத்தி சொச்சம் ரூம்தான், அதுலயும் பாதி ஊரப் பாத்த பக்கம். அந்தப் பக்க ரூம் எடுத்தா இங்க வந்ததுக்கே அர்த்தமில்ல, ரேட்டு கம்மியேன்னு ஏமாறாதீங்க. சனிக்கிழமைல கல்யாணம் நடக்குற ஓட்டல், கல்யாணம் இருந்தா லவுஞ்ச் உங்களுக்குக் கிடைக்குமாங்கறது சந்தேகம். ஊருல மழைக்கு ஒதுங்க இடம் கம்மி, 1939லேர்ந்து இருக்குற புருச்சியானிஸ் கஃபே ஒண்ணு அழகா இருக்கு, மழை நாள்ல லங்காஸ்டர் கோட்டைக்குப் போயிடுறது புத்திசாலித்தனம். சைவம்னா ரெண்டு ராத்திரி மெனுவ முன்னாடியே கேட்டு வாங்கிக்கோங்க. ஞாயித்துக்கிழமை லங்காஸ்டர் ரயில் குறைவு, திரும்புற டிக்கெட் போடும்போது பாருங்க. லண்டன்லேர்ந்து ஒரு ராத்திரிக்குப் போறது வீண், மான்செஸ்டர், லீட்ஸ், லிவர்பூல் பக்கத்து ஆளுங்களுக்கு இத விட நல்லது கிடையாது.

## ஸ்கார்பரோ: கிராண்ட்

கட்டிடமா பாத்தா நாலுல இதுதான் பிரமாண்டம். கத்பர்ட் பிராட்ரிக், லீட்ஸ் டவுன் ஹால் கட்டின அதே ஆளு, 1867ல திறந்தது. நாலு கோபுரம் நாலு பருவத்துக்கு, 12 மாடி 12 மாசத்துக்கு, 52 புகைபோக்கி வாரத்துக்கு, 365 ரூம் நாளுக்குன்னு வருஷத்தையே கட்டிடமா வச்ச யோசனை. திறந்தப்ப ஐரோப்பாவோட பெரிய செங்கல் கட்டிடங்கள்ல ஒண்ணு. குளியலறைல நல்ல தண்ணிக் குழாயோட கடல் தண்ணிக் குழாயும் இருந்துச்சு. 1914 டிசம்பர் 16 காலைல ஜெர்மன் போர்க்கப்பல்ங்க இந்த ஊரச் சுட்டப்ப ஓட்டலும் அடி வாங்குச்சு. அதுக்கும் முன்னாடி, இதே இடத்துல இருந்த விடுதிலதான் 1849ல நாவலாசிரியை ஆன் பிராண்டே இறந்தாங்க, அவங்க கல்லறை மேல செயின்ட் மேரிஸ் சர்ச் பக்கம் இருக்கு.

ஆனா தங்குறதுன்னு வந்தா யோசிக்கணும். 2004லேர்ந்து இது பிரிட்டானியா குழுமத்து கைல, விச்ங்கற நுகர்வோர் பத்திரிகை தன் வாசகர்கள் கிட்ட எடுக்குற சர்வேல அந்தக் குழுமம் 2023 வரைக்கும் 11 வருஷம் தொடர்ந்து பெரிய ஓட்டல் குழுமங்கள்ல கடைசி இடம். ரேட்டு நாலுலயும் ரொம்பக் கம்மியா இருக்குறதுக்கு காரணம் இல்லாம இல்ல. கடைசி ஒரு மாசத்து ரிவியூ மட்டும் படிங்க, குறிப்பா ஹீட்டர், வெந்நீர் பத்தி என்ன சொல்லியிருக்காங்கன்னு பாருங்க. குளிர்காலத்துல அதுதான் எல்லாம்.

என்னோட யோசனை வேற. ஸ்கார்பரோ போங்க, ஆனா தெற்குக் குன்று மேல இருக்குற கிரவுன் ஸ்பா ஓட்டல்ல தங்குங்க, அது 1845லேர்ந்து இருக்கு, கிராண்டை விட வயசானது. அங்கேர்ந்து சவுத் பே முழுக்கத் தெரியும், அந்தக் காட்சியோட நடுவுல கிராண்டே நிக்கும். அந்தக் கட்டிடத்தோட அழகு வெளிய நின்னு பாக்குறதுலதான், அதுக்குள்ள இருந்தா அது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

காலைல எட்டரை மணி வாக்குல வட கடல் மேல சூரியன், வடகிழக்குக் காத்து அடிச்சா மெரின் டிரைவ் ரோடு மேல எழும்பி விழற அலை, இதெல்லாம் தெற்கு கடற்கரைல கிடைக்காது. அலை பலமா இருந்தா ரோட்ட மூடிடுவாங்க, மூடினா தாண்டிப் போகாதீங்க. கடற்கரைக்கு இறங்குற கேபிள் டிராம் குளிர்காலத்துல ஓடுதான்னு கேட்டுக்கோங்க, ஓடலன்னா படிக்கட்டுதான், முழங்கால் வலி உள்ளவங்களுக்கு இந்த ஊரு கஷ்டம். காசு கையக் கடிக்குது ஆனா பெரிய கடல் வேணும்ங்குற இளவட்டங்களுக்கு, லீட்ஸ், யார்க் பக்கத்து ஆளுங்களுக்கு இது சரி.

## ரேட்டுல தெரியாத காசு

புக்கிங் பக்கத்துல மொதல்ல காட்டுற ரேட்டு பெரும்பாலும் பின்பக்க ரூமுக்கு, ப்ரேக்ஃபாஸ்ட் இல்லாம. சீ வியூ, ப்ரேக்ஃபாஸ்ட், பார்க்கிங், டின்னர் பில்லுல தானா சேந்து வர்ற சர்வீஸ் சார்ஜ் எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் ஓட்டலுக்கு ஓட்டல் ஒப்பிடுங்க, வரிசையே மாறிடும். சர்வீஸ் சார்ஜ் வேண்டாம்னு சொன்னா எடுத்துடுவாங்க, அதுக்கு வெக்கப்பட வேண்டாம்.

வெள்ளி, சனிக்குப் பதிலா ஞாயிறு, திங்கள் ராத்திரி எடுக்க லீவு கிடைச்சா எடுத்துடுங்க, அதே ரூம் கணிசமா இறங்கும், லவுஞ்சும் காலியா இருக்கும். கிறிஸ்மஸ், நியூ இயர், பிப்ரவரி 14, பிப்ரவரி ஸ்கூல் லீவு வாரம் நாலும் குளிர்கால ரேட்டே கிடையாது. டிசம்பர் 25 ரயிலே ஓடாது, 26 ரொம்பக் கம்மி. குளிர்கால வீக்கெண்ட்ல தண்டவாள வேலைன்னு சொல்லி பஸ் விடுவாங்க, ஒரு மணி நேரப் பயணம் ரெண்டரை மணி ஆகிடும், அதனால ரூம் புக் பண்றதுக்கு முன்னாடியே அந்தத் தேதிக்கு ரயில் பாருங்க. ரெண்டு பேர்னா டூ டுகெதர் ரெயில்கார்டு மூணுல ஒரு பங்கு குறைக்கும், மோர்கம், ஸ்கார்பரோ மாதிரி தூரத்துக்கு ஒரே பயணத்துல கார்டுக்குக் குடுத்த காசு திரும்பிடலாம்.

இந்தக் கட்டிடங்க எல்லாம் பாதுகாக்கப்பட்ட பட்டியல்ல இருக்கு, நினைச்ச மாதிரி ஜன்னல மாத்த முடியாது. பழைய மரச் சட்டத்து ஜன்னல் காத்துல தடதடன்னு ஆடும், விளிம்பு வழியா குளிர் வரும். ஸ்டார் எத்தனைன்னு பாக்குறத விட ஒரு கம்பளி சால்வை எடுத்துட்டுப் போறது உருப்படியான காரியம்.

பர்க் ஐலண்டப் பத்தியும் சிலர் கேக்குறீங்க. டெவன்ல, 1929ல கட்டின ஓட்டல், தண்ணி ஏறினா தீவாயிடும், உயரமான டிராக்டர் மேல ஏத்திக் கூட்டிட்டுப் போவாங்க. அகதா கிறிஸ்டி தங்கின இடம். அழகுதான், ஆனா இந்த நாலோட அத ஒப்பிட முடியாது, காசு வேற தட்டுல இருக்கு, டின்னருக்கு கோட்டு சூட்டு வேணும், பசங்களோட போற இடமும் இல்ல. கல்யாண நாள் மாதிரி ஒரு தடவைக்கு வச்சிக்கோங்க.

எந்த ஓட்டலா இருந்தாலும் ஆன்லைன்ல பணம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணி நாலு கேள்வி கேளுங்க. இந்த ரூம் ஜன்னல் நேராவா கடலப் பாக்குது இல்ல பக்கவாட்டுலயா, அந்த வீக்கெண்ட்ல கல்யாணமோ கம்பெனி பார்ட்டியோ இருக்கா, ரூம் ஹீட்டர நாங்களே கூட்டிக் குறைக்க முடியுமா, லவுஞ்ச் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் தங்குறவங்களுக்குத் திறந்திருக்கும். இந்த நாலுக்கும் தயங்காம பதில் சொல்ற ரிசப்ஷன் இருந்தா அங்கயே புக் பண்ணிடுங்க.